வேம்பு ஐயர் போட்ட வரி

மாம்பலத்து ஏரியை வற்றடித்து மனை போட்டு விற்றபோது முந்தியடித்துக்கொண்டு வாங்கியவர்களில் வேம்பு ஐயரும் ஒருவர். சர்க்கார் பணத்தில் ஏரி வற்றியது. சர்க்கார் ஆட்கள் சங்கிலி பிடித்து அளந்தார்கள். சர்க்கார் குமாஸ்தா பத்திரம் பதிந்தார். அந்த மனையில் வீடு கட்டி, பால் காய்ச்சிக் குடிவந்த வாரத்திலிருந்தே வேம்பு ஐயர், சர்க்கார் என்று ஒன்று எதற்காக இருக்கிறது என்று கேட்க ஆரம்பித்தார்.

கேள்வி அவருடைய சொந்தச் சரக்கு அல்ல. துறைமுகத்துக்கு எதிரே, சீமைத் துணி இறக்குமதி செய்யும் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் தலை நரைக்கும் வரை வேலை பார்த்தவர் அவர். கப்பல் வந்து சுங்க வரிக்கு ஆள் வரும்போதெல்லாம் அவருடைய துரை மேஜையைக் குத்துவார். "மனுஷனைச் சும்மா விடு, மார்க்கெட் மற்றதைப் பார்த்துக்கொள்ளும்" என்பது துரையின் மந்திரம். துரை ஊருக்குக் கப்பலேறியபோது வேம்புவுக்கு ஒரு பழைய குடையையும் இந்தக் கொள்கையையும் விட்டுச் சென்றார். குடை டிராமில் தொலைந்தது. கொள்கை தொலையவில்லை.

காலையில் பூங்காவில் மூன்று சுற்று. பிறகு இலவச வாசகசாலையில் இரண்டு பத்திரிகை. வரும் வழியில் தெருக்குழாயில் முகம் கழுவல். இவ்வளவையும் முடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, காப்பி குடித்தபடியே, வரிப் பணம் எங்கே போகிறதோ தெரியவில்லை என்பார்.

கஞ்சன் என்று அவரை யாரும் சொல்ல முடியாது. கேட்டு வந்தவனை வெறுங்கையாக அனுப்பியதில்லை. பக்கத்துத் தெருப் பையன்களுக்குப் பரீட்சைப் பணம் கட்டியிருக்கிறார். "கேட்டு வாங்கினா தர்மம். கேக்காம எடுத்தா திருட்டு. நோட்டீஸ் குடுத்துட்டு எடுத்தா வரி" என்பது அவர் கணக்கு. கட்டாயம் என்ற சொல்தான் அவருக்கு ஆகாது.

அவர் குடியிருந்த தெருவுக்கு அப்போது பெயர்கூட இல்லை. பெரிய சாலையிலிருந்து பிரிந்து, ஐந்தாறு வீடுகளைத் தொட்டுவிட்டு, அவர் வீட்டு வாசலில் முட்டி நிற்கும் மண்பாதை. ஒரு நாள் கார்ப்பரேஷன் ஓவர்சீயர் ஒருவர் சைக்கிளில் வந்து இறங்கினார். வீட்டுக்காரர்கள் எல்லோரும் சம்மதித்து வரி கட்டினால் தெருவைக் கார்ப்பரேஷன் எடுத்துக்கொள்ளும், ரோடு, சாக்கடை, விளக்கு எல்லாம் வரும் என்றார். வேம்பு ஐயர் வீட்டுக் கூடத்தில் தெரு கூடியது.

"எடுத்துண்டு என்ன கிழிப்பேள்?" என்று வேம்பு ஐயர் தொடங்கினார். "அடுத்த தெருவை எடுத்துண்டேளே. என்ன ஆச்சு? ரெண்டு வருஷமா நடுத்தெருவிலே பள்ளம். விளக்குக் கம்பம் நிக்கறது, விளக்கைக் காணோம்."

இது உண்மை. அடுத்த தெருவில் சாக்கடைக்கென்று தோண்டிய பள்ளம் அப்படியே கிடந்தது. வேம்பு ஐயர் தினம் ஒரு தரம் அதைப் போய்ப் பார்த்துவிட்டு வருவார். சிலர் கோயிலுக்குப் போவதுபோல் அவர் அந்தப் பள்ளத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்.

"டெண்டர் வரணும் சார்" என்றார் ஓவர்சீயர்.

"வரட்டும். நான் ஒண்ணு கேக்கறேன். தினம் விடியறதுக்கு முன்னாடி இந்த ஊர்லே ஒவ்வொரு வாசலும் பெருக்கி, தண்ணி தெளிச்சு, கோலம் போட்டாறது. எந்தக் கார்ப்பரேஷன் போடறது? கோல வரின்னு ஒண்ணு உண்டா? அவாவா வாசலை அவாவா பார்த்துக்கறா. மயிலாப்பூர்லே நாலு மாட வீதியும் ஜ்வலிக்கறது. ரோடும் அப்படித்தான். என் வாசல் ரோடு என் செலவு, உங்க வாசல் ரோடு உங்க செலவு. நடுவிலே சர்க்கார் எதுக்கு?"

கூடத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. கோலத்தை யாரும் இதுவரை பொருளாதாரமாகப் பார்த்ததில்லை. பக்கத்து வீட்டு இளம் வக்கீல் அம்பி முகம் மலர்ந்து போனான். "மாமா, இதை அப்படியே பத்திரிகைக்கு எழுதுங்கோ" என்றான்.

சமையலறை வாசலிலிருந்து வேம்புவின் மனைவி விசாலாக்ஷியின் குரல் வந்தது. "கோலம் போடறது நானாக்கும். பெருக்கின குப்பை எங்கே போறதுன்னு ஒரு நாள் எட்டிப் பார்த்திருக்கேளா?"

அது சபைக் குறிப்பில் ஏறவில்லை. எதிர்வாடை மரக்கடைக்காரர் மெஹபூப் அலி மட்டும் தாடியைத் தடவிக்கொண்டு கேட்டார்.

"ஐயரே, எங்க பள்ளிவாசல் வெளக்குக்கு எல்லாரும் துட்டு குடுக்கறோம். குடுக்காதவனை யாரும் அடிக்கறதில்ல. ஆனா அவன் ஊட்டுக் கல்யாணத்துக்கு ஒருத்தனும் போவமாட்டான். இது வரியா, தர்மமா?"

"அது உங்க இஷ்டம் சாயபு. இஷ்டம்னா தர்மம்."

"அவனைக் கேட்டா அப்படிச் சொல்லமாட்டான்" என்றார் மெஹபூப் அலி.

எல்லோரும் சிரித்தார்கள். பிறகு எல்லோரும் வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டார்கள். கொள்கைக்காகப் போட்டவர் வேம்பு ஐயரும் அம்பியும். மற்றவர்கள் பணத்துக்காகப் போட்டார்கள். மெஹபூப் அலி, தெருவில் ஒருவர் மட்டும் வேண்டும் என்று சொல்லி என்ன ஆகப்போகிறது என்று போட்டார்.

அவரவர் வாசலை அவரவர் போட்டுக்கொண்டார்கள். வேம்பு ஐயர் கருங்கல் பாவினார். மெஹபூப் அலி மரத்தூளைக் கொட்டி மேலே பலகை அடித்தார். நடந்தால் கப்பல் தளம்போல் சத்தம் கேட்கும். தனியாக மாடு வைத்துப் பால் விற்றுவந்த சுப்புலக்ஷ்மி அம்மாள் தன் பங்குக்கு ஒன்றும் செய்யவில்லை. மண்ணிலேயே முளை அடித்து, கற்பகம் என்ற தன் பசுவைத் தெரு நடுவில் கட்டினாள். கேட்டதற்கு, "என் வாசல்தானே" என்றாள். அம்பி சிமெண்டில் மேடை போட்டு, இரண்டு பக்கமும் கல்தூண் நட்டு, குறுக்கே சங்கிலி மாட்டினான். ஆட்கள் குனிந்து போனார்கள்.

முதல் மழையில் ஒரு விஷயம் தெரிந்தது. எவன் வாசல் உயரமோ அவன் வாசலில் தண்ணீர் நிற்காது, பக்கத்து வாசலுக்குப் போகும். அடுத்த மாதமே பக்கத்து வீட்டுக்காரர் கூடுதலாக ஒரு சாண் உயர்த்தினார். அதற்கடுத்தவர் அதற்கு மேல் ஒரு சாண். தெரு, குழந்தைகள் பலகையில் அடுக்கும் கொலுப்படிபோல் ஏறி இறங்கியது. போட்டி என்றால் முன்னேற்றம் என்று வேம்பு ஐயர் விளக்கினார். தெரு நிஜமாகவே முன்னேறிக்கொண்டிருந்தது, மேல் நோக்கி.

தண்ணீர் கடைசியில் எங்கே போனது என்று யாரும் கவலைப்படவில்லை. தெருமுனையில் ஒரு காலி மனை இருந்தது. சொந்தக்காரர் ரங்கூனில் இருந்தார். வீடு இல்லாததால் அதற்கு வாசல் இல்லை. வாசல் இல்லாததால் அதன் முன்னால் இருந்த பாதை யாருடைய செலவும் இல்லை. தெருவின் குப்பையும் தண்ணீரும் வாசனையும் அங்கே போய்ச் சேர்ந்தன. எருமைகள் படுத்து எழுந்தன. ஏரியை வற்றடித்தவர்கள் அதை வந்து பார்த்திருந்தால் வருத்தப்பட்டிருப்பார்கள்.

இந்த நிலையில்தான் நீரஜாவுக்கு வரன் அமைந்தது.

நீரஜா வேம்பு தம்பதியின் ஒரே பெண். பையன் மயிலாப்பூர், பாங்கியில் உத்தியோகம், நல்ல குணம். பெண் பார்க்க வந்தபோது, அவள் பாடிய பாட்டில் ஓர் இடத்தில் தாளம் தப்பியதைக் கவனித்து, அவளை மட்டும் பார்த்து லேசாகச் சிரித்தான். அவளும் சிரித்துவிட்டாள். அன்றிலிருந்து வேறு வரன் பேச்சை எடுத்தால் அவளுக்குத் தலைவலி வந்தது.

தலைவலி பையனின் தகப்பனார் கல்யாணராமன் வடிவில் வந்தது. தெற்கு மாட வீதிப் பக்கம் நாலு வீட்டுக்குச் சொந்தக்காரர். வரதட்சிணை வேண்டாம், பாத்திரம் வேண்டாம் என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டு ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"ஜானவாசம் ஜம்முனு நடக்கணும். பெரிய மோட்டார் கார். என் பையன் கோயில்லே ஏறினா உங்காத்து வாசல்லேதான் இறங்கணும். நடுத்தெருவிலே இறக்கி நடக்க விட்டேள்னா எனக்குப் பிடிக்காது. போன தடவை ஒரு இடத்திலே அப்படித்தான் ஆச்சு. அழைச்சுண்டு வந்துட்டேன்."

"யாரை?"

"பையனை."

வேம்பு ஐயர் யோசிக்காமல் சரி என்றார். ஐப்பசியில் முகூர்த்தம் குறித்தார்கள். சம்பந்தி போன பிறகு விசாலாக்ஷி கேட்டாள்:

"கார் எது வழியா வரும்?"

"தெரு வழியாத்தான்."

"எந்தத் தெரு?"

வேம்பு ஐயர் வெளியே வந்து, தன் தெருவை முதல் தடவையாக ஒரு மோட்டார் காரின் கண்ணால் பார்த்தார். பலகை, படி, மேடை, சங்கிலி, பசு, அதற்கப்பால் குளம். பின்வழியாகச் சுற்றி வரலாமென்றால் அங்கே கார்ப்பரேஷன் பள்ளம். இத்தனை நாளாக ஆசையோடு பார்த்துவந்த பள்ளத்தின் மேல் அவருக்கு அன்றைக்குத்தான் கோபம் வந்தது.

மறுநாளே கிளம்பினார். முதலில் மரக்கடை.

"உங்க பொண்ணு கல்யாணத்துக்கு நான் குறுக்க நிப்பனா? பலகையை எடுத்துக்கறேன்" என்றார் மெஹபூப் அலி. "எங்க ஊட்டுக்காரி ஜைதூன் பீயும் நீரஜா கல்யாணம்னு பொடவை எடுத்துக்கினு கீறா. ஆனா ஐயரே, ஒரு டவுட்டு. நான் முடியாதுன்னு சொன்னா இன்னா பண்ணுவீங்க?"

"நீங்க சொல்லமாட்டேள்."

"அது சரி. சொல்ற ஆளு ஒருத்தர் கீறாரு."

சுப்புலக்ஷ்மி அம்மாள் உடனே சம்மதிக்கவில்லை. பசுவை ஒரு நாள் அவிழ்த்துக் கட்ட என்ன தருவீர்கள் என்றாள். எவ்வளவு வேண்டும் என்றார் வேம்பு. "காசு யாருக்கு வேணும்? நாலு நாள் கல்யாணத்துச் சாப்பாட்டு இலை அத்தனையும் எங்க கற்பகத்துக்கு. வேற மாடு ஒண்ணு வாசல்லே தலை நீட்டப்படாது."

"இலையைத் தெருமாடு தின்னாம நான் எப்படி மாமி தடுக்கறது?"

"அது உங்க பாடு. காவல் போடுங்கோ. இது வியாபாரம்னா வியாபாரம்."

வேம்பு ஐயர் ஒப்புக்கொண்டார். வியாபாரம் என்றால் இருதரப்பும் சந்தோஷமாக இருக்க வேண்டும் என்று துரை சொல்லியிருந்தார். தன் தரப்பில் அது கொஞ்சம் குறைவதை அவர் கவனித்தார்.

அம்பி அவரை உட்காரவைத்துக் காப்பி கொடுத்தான்.

"மாமா, உங்ககிட்டே வாடகை கேக்காம விட்டா உங்களுக்கே மரியாதைக் குறைச்சல். தேவை ஏறினா விலை ஏறணும்னு நீங்கதானே சொல்லிக் குடுத்தேள்?"

கொள்கை என்ற முறையில் அது சுத்தமாக இருந்தது. ஒரு கணம் வேம்பு ஐயருக்குப் பெருமையாகக்கூட இருந்தது. "சரி, என்ன கேக்கறே சொல்லு."

"அதுதான் கஷ்டம். மேடை ஏற சரிவு வெட்டணும். கார் ஏறினா சிமெண்ட் வெடிச்சுடும். இப்பத்தான் போட்டேன், ஆத்துக்காரி தினம் துடைச்சு வெச்சுண்டிருக்கா. எனக்கு விக்க இஷ்டம் இல்லை மாமா."

"எந்த விலைக்கும்?"

"எந்த விலைக்கும். விக்க இஷ்டமில்லாதவன்கிட்டே வாங்கறதுக்குப் பேரு என்னன்னு நீங்க சொல்லியிருக்கேள்."

சொல்லியிருந்தார். காப்பியை முழுசாகக் குடிக்காமல் எழுந்தார்.

ஐப்பசி பிறந்ததும் மழை பிடித்துக்கொண்டது. தெருமுனைக் குளம் இருகரையும் தொட்டது. அதைத் தூர்க்காமல் கார் தெருவுக்குள் தலைகூட நீட்ட முடியாது. ரங்கூனுக்குக் கடிதம் போட்டுப் பதில் வருவதற்குள் நீரஜாவுக்குச் சீமந்தம் ஆகிவிடும், வேறு எங்காவது கல்யாணம் நடந்தால். வேம்பு ஐயர் தன் சொந்தப் பணத்தில் தூர்க்கலாம் என்று நினைத்தார். கல்யாணச் செலவில் கை ஏற்கெனவே வறண்டிருந்தது. அதோடு, அந்தக் குளத்தில் இருப்பது தன் வீட்டுத் தண்ணீர் மட்டுமல்ல என்ற எண்ணமும் அவருக்கு உறுத்தியது. முன்பு இந்த மாதிரி எண்ணமெல்லாம் வந்ததில்லை.

தெருவை மறுபடி கூடத்தில் கூட்டினார்.

"எல்லாரும் சேர்ந்து தூர்த்துடுவோம். செங்கல் ஜல்லி, மேலே செம்மண். பெரிய சாலையிலேருந்து எங்காத்து வாசல் வரைக்கும் ஒரே மட்டமா. வாசல் அகலத்துக்கு ஏத்தமாதிரி ஆளுக்கு ஒரு பங்கு."

அம்பி முதலில் பேசினான். "மாமா, இதுக்கு என்ன பேரு?"

"பேரு எதுக்கு? நாமளா இஷ்டப்பட்டுப் போடறது."

"அப்ப சரி. நான் இஷ்டப்பட்டு விலகிக்கறேன்."

"அப்படின்னா நானும்" என்றது இன்னொரு குரல். "அவர் குடுக்காட்டா நான் மட்டும் எதுக்கு?" என்றது மற்றொன்று. ஒரு நிமிஷத்தில் கூடத்தில் பாதி விலகிவிட்டது.

உள்ளே கதவுக்குப் பின்னால் நீரஜா நின்றிருந்தாள். அழவில்லை. கதவுத் தாழ்ப்பாளை மேலும் கீழும் நகர்த்திக்கொண்டிருந்தாள். கிளிக், கிளிக் என்று அந்தச் சத்தம் மட்டும் கூடத்துக்குக் கேட்டது. வேம்பு ஐயர் அதைக் கேட்டார். பிறகு எழுந்து நின்று, வாழ்க்கையில் அதுவரை சொல்லாத ஒன்றைச் சொன்னார்.

"யாரும் விலக முடியாது. மழை எல்லார் வாசல்லேருந்தும்தான் போறது. குடுத்தே ஆகணும்."

"குடுக்காட்டா?"

"குடுக்காட்டா அவா வாசல்லேருந்து ஒரு சொட்டுத் தண்ணி வெளியே வர விடமாட்டேன். குறுக்கே சுவர் கட்டிடுவேன்."

"அதுக்குப் பேர் கட்டாயம்" என்று சமையலறையிலிருந்து விசாலாக்ஷி எடுத்துக் கொடுத்தாள்.

"ஆமாம், கட்டாயம்தான்" என்றார் வேம்பு ஐயர்.

மெஹபூப் அலி மெல்லச் சிரித்தார். "ஐயரே, இப்பத்தான் நீங்க பேசறது எனக்குப் புரியுது. என் பங்கு முதல்ல எடுத்துக்குங்க. இடிச்ச ஊட்டு ஜல்லி ஒரு எடத்துல மலையா கீது. வண்டி நம்பளுது."

அவர் கொடுத்ததும் மற்றவர்கள் ஒவ்வொருவராகக் கொடுத்தார்கள், அடுத்தவர் எவ்வளவு கொடுத்தார் என்று எட்டிப் பார்த்துக்கொண்டே. அடுத்த சில நாட்களுக்கு வேம்பு ஐயரைத் தெரு பார்த்துப் பயந்தது. விடியற்காலையில் வாசலில் வந்து நிற்பார். "நாளைக்குத் தரேன்" என்றால் நாளைக்கும் நிற்பார். குளித்துக்கொண்டிருக்கிறார் என்றால் குளித்து முடிக்கும்வரை நிற்பார். கம்பெனிக்கு வரவேண்டிய பாக்கியைக்கூட அவர் அவ்வளவு கறாராக வசூல் செய்ததில்லை. சுப்புலக்ஷ்மி அம்மாள் தன் பங்கைப் பாலாகக் கொடுத்தாள். தண்ணீர் கலந்திருந்தது. இருந்தாலும் வாங்கிக்கொண்டார்.

அம்பி மட்டும் கொடுக்கவில்லை. குறுக்கே சுவர் கட்டினால் ஜானவாசக் காரும் நின்றுவிடும் என்பது அவனுக்குத் தெரியும். குளம் தூர்ந்து, ஜல்லி பரவி, செம்மண் விழுந்ததும், புதுச் செருப்பு மாட்டிக்கொண்டு அந்த வழியாகக் கோர்ட்டுக்குப் போன முதல் ஆள் அவன்தான். தண்டவாளம்போல் நேராக, சேறு படாமல், விசிலடித்துக்கொண்டே போனான். ஜன்னலில் நின்று பார்த்த வேம்பு ஐயர் உள்ளே திரும்பினார். "பார்த்தியா, பார்த்தியா, ஒரு பைசா குடுக்காம நடக்கறான்" என்று விசாலாக்ஷியிடம் சொன்னார். "நடக்கட்டும், நீங்க பூங்காவிலே நடக்கலையா?" என்று அவள் அப்பளம் இட்டுக்கொண்டே சொன்னாள்.

ஜானவாசத்தன்று காலை வரை அம்பியின் மேடை அசையவில்லை. கெஞ்சியாயிற்று. நீரஜாவே ஒரு தரம் போய் அம்பியின் மனைவியிடம் பேசிப் பார்த்தாள். "உன் கல்யாணம்னா எனக்கு உசிரு. ஆனா இந்தச் சிமெண்ட் இருக்கே" என்று அவள் கண் கலங்கினாளாம்.

அம்பி கோர்ட்டுக்குப் போனான். அவன் மனைவி மயிலாப்பூரில் பிறந்தகத்துக்குத் தலை வாரிக்கொள்ளப் போனாள். வேம்பு ஐயர் மரக்கடைக்குப் போய்க் கடப்பாறை கேட்டார்.

மெஹபூப் அலி கொடுத்தார். ஆள் கொடுக்கவில்லை. "அது அவரு சொத்து ஐயரே. என் ஆளுங்க கை வெச்சா நாளைக்கு என் மரத்துலயும் யாராவது கை வைப்பாங்க. இது உங்க வேலை."

வேம்பு ஐயர் வேஷ்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டார். முதலில் சங்கிலியைக் கழற்றி மடித்துத் தூணருகே வைத்தார், அது சொத்து. பிறகு சிமெண்டில் முதல் அடி. சத்தம் தெரு முழுக்கக் கேட்டது. சுப்புலக்ஷ்மி அம்மாள் வெளியே வந்தாள்.

"என்ன பண்றேள்?"

"பொது நன்மை" என்றார் வேம்பு ஐயர். இந்த இரண்டு வார்த்தைகளை அவர் இதற்கு முன் மூக்கைச் சுளிக்காமல் சொன்னதில்லை. இப்போது சுளிக்க நேரமில்லை. ஒவ்வொரு அடிக்கும் ஒரு தரம் சொன்னார். மதியத்துக்குள் மேடையின் இரண்டு விளிம்பும் சரிவாகின. கையில் கொப்புளம். பலகையைப் போட்டு மண்ணைத் தள்ளி மிதித்துவிட்டு, குளித்து, ஜரிகை வேஷ்டி உடுத்துக்கொண்டு, சம்பந்தியை வரவேற்கக் கோயிலுக்குப் போனார்.

காஸ் விளக்குகள் முன்னால் வர, நாகஸ்வரம் அடாணா ராகத்தில் குதிக்க, திறந்த காரில் கோட்டும் சூட்டுமாக மாப்பிள்ளை மாலைக்குள் உட்கார்ந்து வந்தார். பக்கத்தில் அவருடைய தகப்பனார் ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தார். தெருமுனை. குளம் இருந்த இடம். சக்கரம் கொஞ்சம் புதைந்தது. டிரைவர் ஒரு முறை உறுமவிட்டார். ஏறிவிட்டது. பலகை இருந்த இடம் கடந்தது. கற்பகம் அண்டை வீட்டு வேலிக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தது. மேடை வந்தது. கார் லேசாக முன்பக்கம் தூக்கி, ஏறி, இறங்கி, வேம்பு ஐயர் வீட்டுக் கருங்கல்லில் வந்து நின்றது. ஜன்னலுக்குள்ளே வளையல் சத்தம் கேட்டது. மாப்பிள்ளை நிமிர்ந்து அந்த ஜன்னலைப் பார்த்து, முன்பு சிரித்த அதே சிரிப்பைச் சிரித்தார்.

கல்யாணராமன் இறங்கவில்லை. திரும்பி, வந்த வழியைப் பார்த்தார்.

"ரோடு புதுசா இருக்கே. போன மாசம் நான் வந்தச்சே இங்கே எருமை படுத்துண்டிருந்ததே."

அந்த நேரம் பார்த்துக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு அம்பி வந்தான். கறுப்புக் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. கையில் உடைந்த சிமெண்ட் துண்டு ஒன்று. வேம்பு ஐயர் கண்ணை மூடிக்கொண்டார். விசாலாக்ஷி ஆரத்தித் தட்டோடு அப்படியே நின்றாள்.

"யார் போட்டான்னு கேக்கறேளா மாமா?" என்று அம்பி சம்பந்தியைப் பார்த்து, தெருவுக்கே கேட்கிற குரலில் சொன்னான். "இதோ நிக்கறாரே, இவர்தான். தெருவுக்கே வரி போட்டவர் இவர். விடியக்காலமே வாசல்லே நின்னு கட்டாயமா வசூல் பண்ணினவர் இவர். குடுக்காதவா சொத்தைக் கேக்காம இடிச்சு ரோடு போட்டவரும் இவர்தான்."

நாகஸ்வரக்காரர் மூச்சு வாங்க நிறுத்தியிருந்தார். எல்லோர் பார்வையும் கல்யாணராமன் மேல் இருந்தது. அவர் முகத்தில் முதலில் திகைப்பு வந்தது. பிறகு மெதுவாக ஒரு மரியாதை பரவியது. அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டு காரிலிருந்து இறங்கினார். வேம்பு ஐயரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். கொப்புளத்தில் அழுத்தியது.

"கவுன்சிலரா இருக்கேளா? ஜாதகம் கொண்டு வந்தச்சே ஒரு வார்த்தை சொல்லப்படாதோ?"

"இல்லை, அது வந்து" என்றார் வேம்பு ஐயர்.

"இந்த அடக்கம்தான் பெரியவாளுக்கு அழகு. வரி போட்டு, வசூல் பண்ணி, மாசத்துக்குள்ளே ரோடும் போட்டுட்டேளே. எங்க மயிலாப்பூர்லே ஒரு மனுஷன் இப்படி இல்லையே." சம்பந்தி குரலைத் தாழ்த்தினார். "நம்மாத்து வாசல்லே ஒரு விளக்குக் கம்பம். ஆறு மாசமா எரியறதில்லை. நீங்க மனசு வெச்சா..."

வேம்பு ஐயர் மனைவியைப் பார்த்தார். விசாலாக்ஷி உதட்டை மடித்துக்கொண்டு ஆரத்தித் தட்டைப் பார்த்தாள். ஜன்னல் பக்கம் பார்த்தார். அங்கே வளையல் சத்தம் இல்லை. மரக்கடைக்கு முன்னால் மெஹபூப் அலி தலையைக் குனிந்துகொண்டு தாடிக்குள் சிரிப்பை ஒளித்தார்.

"மனு எழுதிக் குடுங்கோ" என்றார் வேம்பு ஐயர். "பார்க்கலாம்."

ஆரத்தி சுற்றினார்கள். மாப்பிள்ளை உள்ளே போனார். பின்னாலேயே கூட்டமும் நகர்ந்தது. அம்பி மட்டும் சிமெண்ட் துண்டோடு வாசலிலேயே நின்றான்.

"மாமா, என் மேடைக்கு நஷ்ட ஈடு?"

வேம்பு ஐயர் அவன் தோளில் கை போட்டு, பந்தலுக்குள் தள்ளிக்கொண்டு போனார்.

"நீயும் ஒரு மனு எழுது. முதல்லே உன் பங்கு பாக்கியைக் கட்டிடு. அப்புறம் சாப்பிட வா."